குவியலில் பூத்த பூஞ்சணம்

கேதீஸ்வரி முள்மண்வெட்டியால் குவியலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வாவிக்கரையில் நகர சபை குப்பையை உரமாக்கும் பசளை முற்றம் அது. சந்தையில் அழுகிய மரக்கறி, மீன் செதில், வாவியில் மிதந்து அள்ளிய ஆற்றுவாழைச் செடி எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அவற்றைப் பற்றீரியாவும் பூஞ்சணமும் தின்றுதீர்க்கும்போது குவியலின் உள்ளே அடுப்பாகச் சுடும்; புரட்டினால் ஆவி பறக்கும். அந்தச் சூட்டைக் கை விட்டுப் பார்க்க மறுநாள் கொழும்பிலிருந்து ஒரு பெண் அதிகாரி வருகிறார். அவருக்குத் திருப்தி என்றால் நாட்கூலி கேதீஸ்வரிக்கு வேலை நிரந்தரம்.

மேற்பார்வையாளர் கனகசிங்கம் குவியலைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது.

"என்ன புள்ள இது? மிஸ் கண்டா நம்மள ஊத்தைச் சனம் எண்டெல்லோ நினைப்பா."

கேதீஸ்வரிக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஊறுகாய்ப் போத்தலில் இப்படி ஒரு பொட்டைக் கண்டாலே அவளுக்குப் பொறுக்காது.

"வெள்ளத்துக்குப் பிறகு கிணத்துக்குப் போட்ட குளோரின் மிச்சம் கிடக்கு சேர். கரைச்சு ஊத்துவமா?"

"ஊத்து, ஊத்து. மஞ்சளும் கொஞ்சம் கலந்து விடு."

இருவரும் வாளி வாளியாக ஊற்றினார்கள். குவியல் குளித்து முழுகிய பிள்ளைபோலப் பளிச்சென்றிருந்தது.

மறுநாள் காலை கையை விட்ட கேதீஸ்வரி திடுக்கிட்டாள்.

"சேர், பிணமாட்டம் குளிருது!"

கேற்றடியில் வாகனம் வந்து நின்றது. கனகசிங்கத்துக்கு வியர்த்தது.

"ஆவியாவது வரவேணும். என்னத்தையாவது செய் புள்ள!"

தேநீருக்குக் கொதித்துக்கொண்டிருந்த தன் கேத்தலைத் தூக்கி, மூடியைத் திறந்து, குவியலுக்குள் புதைத்தாள் கேதீஸ்வரி.

ஆவியைக் கண்ட அதிகாரி மலர்ந்துபோனார். முள்மண்வெட்டியை வாங்கி ஒரு குத்துக் குத்தினார். டங்!

"இது என்ன?"

"குவியல்ட சூட்டிலதான் இஞ்ச தேத்தண்ணி வைக்கிற, மிஸ்," என்றார் கனகசிங்கம், கண் இமைக்காமல். "விறகே தேவையில்ல."

அதிகாரி சிரித்துக்கொண்டே கையை விட்டார். மண்ணை முகர்ந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"குளோரின் ஊத்தினது யார்? பசளையாக்குற உயிரெல்லாம் செத்துப்போச்சே!"

கனகசிங்கத்தின் விரல் உடனே கேதீஸ்வரியைக் காட்டியது.

"சேரும்தான் வாளி தூக்கினவர்," என்றாள். அது எவர் காதிலும் ஏறவில்லை. அன்றே அவளை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள்.

சில கிழமைகள் கழித்துத் தன் கேத்தலை எடுக்க வந்தாள். மழை குளோரினைக் கழுவிப் போயிருந்தது. புதுக் குப்பை விழுந்த குவியலில் மறுபடி வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். கையை விட்டாள், சுட்டது. பக்கத்தில் ஒரு புதுப் பலகை நட்டிருந்தார்கள்: 'நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. தொந்தரவு செய்யாதீர்கள்.' அதன் நிழலில் கதிரை போட்டு கனகசிங்கம் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"செத்ததெல்லாம் திரும்ப வேலைக்கு வந்திட்டுப் போல, சேர்."

"ஓம், ஓம்," என்றார் அவர், கோப்பையைப் பார்த்தபடி. "போகக்குள்ள கேற்றைச் சாத்திட்டுப் போ புள்ள."

வெறும் கேத்தலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வெளியே நின்று கேற்றைச் சாத்தினாள் கேதீஸ்வரி.