கடல் பக்க வரிசை

என் பெண்டாட்டி பூரணியின் அண்ணன் ஆண்டியப்பன், எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரையின் பங்களாவில் சமையல்காரன். வயதில் மூத்தவன் என்பதால் நேரில் மச்சான், வாங்க, போங்க என்று மரியாதையில் குறை வைக்கமாட்டேன். மனதுக்குள் அவன் எப்போதும் அவன்தான். அந்த ஆண்டியப்பன் விமானத்தில் ஏறப்போகிறான் என்று பூரணி சொன்னபோது நான் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன்.

துரைக்கு மதராஸில் ஒரு மாதம் வேலையாம். வேறு யார் சமைத்தாலும் அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதாம். அதனால் ஆண்டியப்பனையும் கூடவே பிளேனில் கூட்டிக்கொண்டு போகிறாராம். சொல்லும்போதே பூரணியின் முகம் பூரித்துக் கிடந்தது. துரையின் வயிறு நாசமாய்ப் போக என்று நினைத்துக்கொண்டு கையைக் கழுவினேன்.

என் எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. நான் கொழும்புக்குப் பக்கத்தில், கடலோரத்து விமானத்தளம் ஒன்றில் எலக்ட்ரீசியன். யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் அந்தத் தளத்தைப் பெரிதாக்கியபோது மண் சுமக்கப் போனவன். கேபிள் இழுக்கக் கைகொடுத்து, வயர் பிடித்து, பல்பு மாட்டி, அப்படியே தொழிலைக் கற்றுக்கொண்டேன். பட்டாளம் போன பிறகும் நான் அங்கேயே நின்றுவிட்டேன். பூரணி டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டு, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்தாள். லீவு கிடைத்தால் ரயிலேறி அட்டனில் இறங்கி வந்துவிடுவேன்.

நான் வந்தால் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால், இஸ்தோப்புத் திண்ணையில் கூட்டம் சேரும். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள், முகம் கழுவித் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்த ஆண்கள், எல்லாரும் பிளேன் கதை கேட்க உட்காருவார்கள். முன்பு அந்தக் கூட்டம் ஆண்டியப்பனுடையது. துரை என்ன இனிப்புப் புட்டிங் தின்றார், துரைசாணி எதற்குக் கோபித்துக்கொண்டாள், பங்களாவில் ஐஸ் பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவன் சொல்ல, சனம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது. என் பிளேன் வந்து அவன் புட்டிங்கை ஓரம் தள்ளிவிட்டது. அதன் பிறகு அவன் கூட்டத்துக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்பான். அவன் அப்படி நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கதை தானாக நீளும்.

அந்தக் கதையில் ஒரே ஓர் ஓட்டை. நான் விமானத்தில் ஏறியதே இல்லை. ஏறினேன் என்று ஒருநாளும் சொன்னதுமில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாரோ ஒருத்தி, உன் புருஷன் அங்கே விளக்குத் துடைக்கிறவன்தானே என்று பூரணியிடம் குத்தலாகக் கேட்டிருக்கிறாள். இவள் சும்மா இருந்தாளா? துடைத்த விளக்கு சரியாக எரிகிறதா என்று பிளேனில் மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவதும் அவர்தான் என்று சொல்லிவிட்டாள். அடுத்த லீவில் நான் வந்தபோது தோட்டமே என்னைப் பறந்துவிட்டு வந்தவனாகப் பார்த்தது. பூரணி தலையை நிமிர்த்தி நடந்தாள். இல்லை என்று சொல்லி அவள் முகத்தில் கரியைப் பூசுவதா? சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்போது ஒரு சமையல்காரன் நிஜமாகவே ஏறப்போகிறான். வந்து நாலு பேருக்கு முன்னால் என்னிடம் ஏதாவது கேட்டால் என் குட்டு உடைந்துபோகும், என்னோடு சேர்ந்து பூரணியும் தலை குனிய வேண்டும். அந்தப் பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிது வயிற்றெரிச்சல். எங்கள் சனம் இந்தியாவுக்குப் போய்வர ஓர் அனுமதிக் கடுதாசிக்காக மாதக்கணக்கில் அரசாங்கக் கந்தோர் வாசலில் காத்துக் கிடக்கிறது. இவனுக்குத் துரை டெலிபோனை எடுத்துப் பேசினார், எல்லாம் வந்துவிட்டது.

அதுகூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். விளக்குகளை எப்படி விடுவது? ஓடுபாதையின் இரண்டு பக்கமும் தரையை ஒட்டி விளக்கு வரிசை. கடல் பக்க வரிசை என் பொறுப்பு, ரோட்டுப் பக்கம் என் கூட்டாளி சில்வாவின் பொறுப்பு. மாலையில் விமானம் வரும் நாட்களில், இருட்டுவதற்கு முன் வரிசை நெடுக நடந்து ஒவ்வொரு விளக்காகக் குனிந்து பார்க்க வேண்டும். உப்புக்காற்று பித்தளையைத் தின்றுவிடும், மழைத்தண்ணீர் மூடிக்குள் இறங்கிவிடும், பூச்சி செத்துக் கண்ணாடியை மறைத்துவிடும். திறந்து, துடைத்து, உலர்த்தி, மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இத்தனை செய்தும் அந்த வெளிச்சம் எனக்கில்லை. கண்ணாடி விமானம் வரும் திசையைப் பார்த்து இருக்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு மங்கலாக ஒரு புள்ளி தெரியும், அவ்வளவுதான். மொத்தமாக அது எப்படி இருக்கும் என்பது மேலிருந்து வருகிறவனுக்குத்தான் தெரியும். இத்தனை வருஷம் நான் முதுகு வலிக்கக் குனிந்து துடைத்ததை, வெங்காயம் உரிக்கிற ஆண்டியப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கப்போகிறான்.

அவன் எங்கள் தளத்திலிருந்து புறப்பட்ட காலையில் நான் ஸ்டோர் அறைக்குள் ஏதோ வேலை இருப்பதுபோல் நுழைந்துகொண்டேன். சில்வாதான் ஓடிவந்து, உன் மச்சான் கோட்டுப் போட்டுக்கொண்டு படியேறுகிறார், வந்து பார் என்று சிங்களத்தில் கூப்பிட்டான். நான் போகவில்லை, ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். துரையின் பழைய கோட்டு அவன் தோளில் தொளதொளவென்று தொங்கியது. ஆனாலும் மேல்படியில் நின்று, அந்தத் தளமே தனக்குச் சொந்தம் என்பதுபோல் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனான்.

அவன் திரும்பி வரும் விமானம் மாலையில் இறங்குவது. அதற்கு முந்தின நாள் நான் வரிசை பார்க்கும்போது, தாழம்புதர் ஓரத்து விளக்கின் கண்ணாடிக்குள் நீர் கோத்திருந்தது. இன்றைக்கு எரியும், நாளைக்குத் திறந்து துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆனால் அந்த இரவெல்லாம் என் கண்ணுக்குள் வேறொன்று ஓடியது. ஆண்டியப்பன் கோட்டோடு படியிறங்கி வருகிறான். நான் கையில் அழுக்குத் துணியோடு புல்லில் குந்தியிருக்கிறேன். என்ன மாப்ள என்று அவன் மேலிருந்து என்னைக் கூப்பிடுகிறான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. விடிந்ததும், பூரணிக்கு உடம்பு சரியில்லை, என் வரிசையையும் நீயே பார்த்துக்கொள் என்று சில்வாவிடம் சொல்லி, லீவு கேட்டுக்கொண்டு காலை ரயிலைப் பிடித்தேன். தாழம்புதர் விளக்கைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. ரயில் நாவலப்பிட்டியைத் தாண்டி மலையேறும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. ஒரு விளக்குதானே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் ஆண்டியப்பன் துரையின் காரிலேயே தோட்டத்துக்கு வந்துசேர்ந்தான். நேராகத் தங்கச்சி வீட்டுக்கு வந்து, பூரணிக்கு ஒரு மதராஸ் சேலையைக் கொடுத்துவிட்டு, இஸ்தோப்பில் நான் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தான். எனக்காக ஒருநாளும் வராதவர்கள்கூட அன்றைக்கு வந்திருந்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதைப் பிறகுதான் கவனித்து, சட்டென்று அவிழ்த்தேன்.

அவன் கதை நன்றாக இருந்தது, அதுதான் வேதனை. பிளேன் கிளம்பியதும் காது அடைத்துக்கொண்டதையும், ஒரு வெள்ளைக்காரப் பெண் தட்டில் மிட்டாய் கொண்டுவந்ததையும், தோட்டத்தையே நடுங்கவைக்கும் பெரிய துரை நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டதையும் அவன் நடித்துக் காட்டினான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. என் கதைக்கு அவர்கள் அப்படிச் சிரித்ததே இல்லை.

பக்கத்துக் காம்பரா அழகம்மா என் பக்கம் திரும்பி, "ஏன் வீரய்யாண்ணே, ஒங்களுக்கும் அப்புடித்தான் காது அடைச்சிச்சா?" என்று கேட்டாள்.

அது ஆளுக்கு ஆள் வேறே என்று முணுமுணுத்தேன். பூரணி மடியிலிருந்த புதுச் சேலையின் கரையை நீவிக்கொண்டே இருந்தாள். ஆண்டியப்பன் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. இறங்கியதைச் சொல்லத் தொடங்கினான். அதுவரை இருந்த நடிப்பெல்லாம் போய், குரல் இறங்கிவிட்டது.

"கீழ ஒன்னுமே தெரியல. கடலும் இருட்டு, தரையும் இருட்டு. திடீர்னு பாத்தா ரெண்டு வரிசை வெளக்கு. நா ஜன்னல்லயே மூஞ்சிய வச்சிட்டேன் மாப்ள. தொரைகிட்டச் சொன்னேன், இது எந்தங்கச்சி வூட்டுக்காரரு போட்ட வெளக்குங்கன்னு" என்றான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவன் என்னைக் கேலி செய்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"கடல் பக்கம் மட்டும் ஒன்னு எரியல. பல்லு விழுந்த மாதிரி இருந்துச்சு. நீங்க இங்க வந்துட்டீங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்க இருந்திருந்தா அப்புடி விட்டிருக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டான். "நீங்க மேலேருந்து பாத்தப்ப எல்லாமே எரிஞ்சிருக்கும்ல? முழுசா எரிஞ்சா எப்புடி மாப்ள இருக்கும்?"

அவன் கேட்டதில் சூது இல்லை. தான் பார்த்ததில் குறைந்த ஒன்றை நான் பார்த்திருப்பேன் என்று நம்பி, அதற்காக ஏங்கித்தான் கேட்டான். ஒரு வாய் வார்த்தை போதும். பிரமாதமா இருக்கும் மச்சான் என்று சொல்லியிருந்தால் என் மானமும் பூரணியின் மானமும் காலத்துக்கும் நின்றிருக்கும். அவனையும் மறுபடி கூட்டத்துக்குப் பின்னால் தள்ளியிருக்கலாம். ஆனால் என் பொறாமை அந்த நேரத்தில் மானத்தைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது. அவன் கண்ணுக்குள் இருந்தது எனக்கு வேண்டும்.

"நா ஏறுனதே இல்ல மச்சான். எல்லாம் கீழ நின்னு பாத்ததுதான். நீங்க சொல்லுங்க, எப்புடி இருந்துச்சு?" என்றேன்.

அழகம்மா பூரணியைப் பார்த்தாள். பூரணி சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். நாளைக்குக் கொழுந்து மலையில் அவள் என்ன பாடு படுவாளோ.

ஆண்டியப்பன் சொல்லப் பார்த்தான். கையை நீட்டினான், மடக்கினான். துரையின் புட்டிங்கை வாயில் எச்சில் ஊற வர்ணிக்கிறவனுக்கு இதற்கு வார்த்தை வரவில்லை. கடைசியில் உள்ளே எட்டி, அடுப்பில் கங்கு இருந்தால் கொண்டா தங்கச்சி என்று கேட்டான். பூரணி உடைந்த சட்டி நிறையக் கங்கும் ஓர் இடுக்கியும் கொண்டுவந்து அண்ணனுக்கு முன்னால் வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமலே, "பெஞ்சில ஏறி நின்னு பாருங்க. கீழ நின்னா என்னா தெரியும்?" என்றாள்.

அத்தனை பேருக்கும் முன்னால் பெஞ்சில் ஏறினேன். மலையில் மூடுபனி இறங்கி வாசல் இருட்டியிருந்தது. ஆண்டியப்பன் குந்தி உட்கார்ந்து இடுக்கியால் ஒவ்வொரு கங்காக எடுத்து, வாசல் மண்ணில் இரண்டு வரிசையாக வைத்துக்கொண்டே போனான். காற்று வீச, அவை பளிச்சென்று சிவந்தன. என் வரிசை அது. குனிந்தே பார்த்துப் பழகிய எனக்கு அதன் நேர்த்தி அன்றுதான் தெரிந்தது. அழகாக இருந்தது, கண் கலங்கிவிட்டது. கடல் பக்கம், முனைக்குக் கொஞ்சம் உள்ளே, தாழம்புதர் இருக்கும் இடத்தில் அவன் எதையும் வைக்கவில்லை.

"அந்த எடத்துலயும் ஒன்னு வச்சிருங்க மச்சான்" என்றேன்.

இடுக்கியில் ஒரு கங்கு மிச்சம் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், வெறும் இடத்தைப் பார்த்தான், மறுபடி சட்டிக்குள்ளேயே போட்டான். "நா பாத்தது இப்புடித்தான் மாப்ள" என்றான்.

லீவு பாக்கி இருந்தும் மறுநாள் காலையில் கிளம்பினேன். பூரணி ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுத்தாள். பஸ் ரோடு வரை கூட வந்தவள், வழியில் கேட்டவர்களிடம், இவருடைய விளக்கு ஒன்று அணைந்துபோய்விட்டதாம், அதற்குத்தான் போகிறார் என்று குரலை உயர்த்தியே சொன்னாள்.

மாலையில் தாழம்புதர் ஓரம் குந்தி மூடியைத் திறந்தேன். உள்ளே ஓர் உள்ளங்கைத் தண்ணீர் நின்றது. வழித்து எறிந்து, பித்தளையைத் தேய்த்து, புது பல்பு மாட்டி மூடுவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. சற்று நேரத்தில் கடல் பக்கமிருந்து விமானம் ஒன்று தாழ்ந்து வந்தது. நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு புல்லில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் எவனோ, அந்தப் பாவி முழு வரிசையையும் பார்த்திருப்பான்.