கருநீல சாக்ஸ்

தங்கை நாகஜோதியின் கல்யாணத்தில் எனக்குக் கொடுத்த வேலை, மாப்பிள்ளைக்கு ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கிவருவது. கோட்டு, சூட்டு, ஷூ எல்லாம் அப்பாவும் பெரியப்பா மகன் ராஜபாண்டியும் போய் வாங்கிவிட்டார்கள். சாக்ஸை மறந்துவிட்டார்கள்.

சென்னையில் ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டு ஊருக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் இன்னும் வேலையில் இருப்பதாகத்தான் அப்பா சொல்லியிருக்கிறார். சென்னையில் இருந்தபோது நடந்த நிச்சயதார்த்தத்துக்கும் நான் வரவில்லை. மாப்பிள்ளை என்னைப் பார்த்ததே இல்லை. ரிசப்ஷனில் மாப்பிள்ளைக்கு ஷூ மாட்டிவிட்டு, கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போவது பெண்ணின் அண்ணன். அதை மட்டும் எனக்குக் கொடுத்தால் போதும் என்றிருந்தது. அப்பாவிடம் இரண்டு தடவை கேட்டேன். "பாப்போம்" என்றார்.

டவுன் ஹால் ரோட்டுக் கடையில் போனிலிருந்த சூட் போட்டோவைக் காட்டினேன். கடைக்காரர் மூன்று ஜோடியைச் சேர்த்துக் கட்டியிருந்த கட்டை எடுத்துப் போட்டார்.

"ஒரு ஜோடி போதும்ணே. கருநீலம். முட்டிக்குக் கீழ வரைக்கும் வரணும்."

"ஷூ பிரவுனுல்ல? பிரவுனே எடுங்க."

"சாக்ஸ் பேண்டோட சேரணும்ணே, ஷூவோட இல்ல. சோபால உக்காந்தா கால் தெரியக்கூடாது."

கம்பெனியில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். டியூப்லைட்டில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரிந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு வெயிலுக்கு வந்தேன்.

"அண்ணே, அப்படியே ஓடிராதீக" என்றார் கடைக்காரர்.

ஒத்தக்கடை மண்டபத்தில் அம்மா சீர்த்தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். கவரைப் பிரித்தவள் முகம் மாறியது.

"கறுப்பா வாங்கியாந்த? நல்ல காரியத்துல கறுப்பு வப்பாகளா?"

"நீலம்மா."

"எந்த ஊரு நீலம்? ஒரு சாக்ஸ் வாங்கத் தெரியல."

ராஜபாண்டி பைக்கில் போய் வெள்ளை சாக்ஸ் வாங்கிவந்தான். விளையாட்டுக்குப் போடுகிற, துண்டு மாதிரி தடித்த சாக்ஸ். தட்டில் அது ஏறியது. கருநீலம் என் பாக்கெட்டுக்குப் போனது.

ஏழு மணிக்கு மாப்பிள்ளை அறைப் பக்கம் போனேன். வாசலில் ராஜபாண்டி மேளக்காரரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தான். உள்ளே மாப்பிள்ளை முத்துக்குமரன் தனியாக நாற்காலியில் உட்கார்ந்து ஷூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை சாக்ஸின் தடிப்பில் கால் உள்ளே போகவில்லை.

பாக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டினேன். "இதப் போடுங்க."

போட்டார். ஷூ உடனே ஏறியது. காலை நீட்டிப் பார்த்தார். பேண்டும் சாக்ஸும் ஒன்றாக இருந்தன.

"காப்பாத்துனீங்கண்ணே. பொண்ணு வீட்டு ஆளுகள்ல யாரையும் எனக்குத் தெரியல, ராஜபாண்டி மச்சானத் தவிர. ஜோதிக்குக் கூடப்பொறந்த அண்ணன் வருவாருன்னு பாத்தேன். மாமா இப்பத்தான் சொன்னாக, அவருக்குச் சென்னையில லீவு கெடைக்கலையாம். நீங்க யாருண்ணே?"

நான் அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். பெயரைச் சொன்னால் போதும். ஆனால் சொன்னால் மேடை ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அவருடைய மாமனார் பொய்யன் ஆகிவிடுவார். அந்தப் பொய்யோடு நாளைக்கு ஜோதி அவர் வீட்டுக்குப் போகவேண்டும்.

"பந்தி கவனிக்கிற ஆளு" என்றேன்.

"சாப்ட்டீங்களா?"

"இனிமேத்தான்."

ராஜபாண்டி உள்ளே வந்து அவர் கையைப் பிடித்தான். "வாங்க மச்சான், நேரமாச்சு." என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அவரை மேடைக்குக் கூட்டிப்போனான்.

மேளம் தொடங்கியது. நான் பின்படி வழியாகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்கினேன். முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பரிமாறுகிற ஒருவர் என் கையில் தண்ணீர் பாட்டில் கட்டு ஒன்றைக் கொடுத்து, "அந்த வரிசைக்கு வச்சிட்டு வாப்பா" என்றார். வைத்தேன்.