உரக்கச் சொல்லுங்க, டாக்டர்

டாக்டர் இன்பமணி கேட்ட கேள்விக்கு விஜிலா பொய் சொல்லியிருந்தால் அவள் பிழைப்பு வேறு மாதிரி போயிருக்கும். அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

அவள் புருஷன் வளன் திரேஸ்புரம் கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவன். பித்தப்பையில் கல் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றில் நாலு துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, இன்பமணி அந்தப் பையை எடுத்தார். சீக்கிரம் கடலுக்குப் போய்விடலாம் என்றார். வளன் வீட்டுக்கு வந்தான், கடலுக்குப் போகவில்லை. அந்த வாரமே கண் மஞ்சளாகிவிட்டது. திரும்பக் கூட்டிக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், "சரியாயிரும்" என்று மாத்திரையை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உடம்பெல்லாம் அரிப்பு. நகம் போதாமல் தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்துக்கொண்டான். விஜிலா அந்தக் கரையில் யாரும் செய்வதைத்தான் செய்தாள். கீழாநெல்லியை வேரோடு பிடுங்கிவந்து அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுத்தாள். அப்புறம் குளிர்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தும் அவன் பிழைக்கவில்லை.

மாடிப்படிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் நிற்கும்போதுதான் இன்பமணி அந்தக் கேள்வியைக் கேட்டார். கையில் போன் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வீட்ல என்ன குடுத்தீங்க?"

"கீழாநெல்லிச் சாறு, டாக்டர்."

"அதான். என் ஆபரேஷன் சுத்தமா இருந்துச்சு. பச்சிலையக் குடுத்து ஈரலைக் கெடுத்துட்டீங்க. நீங்களே கொன்னுட்டீங்கம்மா."

சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார். வளனின் அக்கா மெட்டில்டா அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓலமிட்டாள். கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் ஒரு பிடி மண் போட விஜிலா குனிந்தபோது அவள் கையைத் தட்டிவிட்டதும் மெட்டில்டாதான். "மருந்து வச்ச கை இது. என் தம்பி மேல படக்கூடாது" என்றாள். மருந்து வைத்தவள் என்றால் விஷம் கலந்து கொடுத்தவள் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு விஜிலா வீட்டில் யாரும் பச்சைத்தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. ஒன்பது வயது மகள் ஜெஸ்லின் ஒருநாள் பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல என்னம்மா கலந்திருக்க?" என்று கேட்டாள். விஜிலா அந்தப் பிள்ளையை அடிக்கவில்லை. தானே பாதியைக் குடித்துக் காட்டிவிட்டு மீதியைக் கொடுத்தாள்.

உப்புப் பொட்டலம் போடும் கொட்டகையில் வேலைக்குப் போனாள். நான்தான் கொன்றேனோ என்று அவளுக்கே சந்தேகம் இருந்தது. ஊர்ப் பேச்சைவிட அதுதான் அவளை அரித்தது.

அடுத்த வருஷம் டாக்டர் ஜாய் வந்தாள். சாயர்புரத்துக்காரி, வயதில் சின்னவள். அரைமணி பஸ் தூரத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் வேலை. கடற்கரை வீடுகளில் எந்த நோய்க்கு எந்தப் பச்சிலை கொடுக்கிறார்கள் என்று ஆராய்ச்சிக்காக வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். தெருப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தபடி விஜிலா வீட்டைக் காட்டிவிட்டார்கள்.

"இதெல்லாம் டாக்டர்மாருகிட்ட சொல்லுவீங்களா?" என்று ஜாய் கேட்டாள்.

"சொன்னா எப்படிப் பேசுவாக தெரியுமா?" என்று விஜிலா எழுந்து நின்றாள். போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்து, கண்ணை மட்டும் உயர்த்தி, ஒரு டாக்டர் ஏசுவதை ஏசிக் காட்டினாள். ஜாய் முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. யாரைப் பார்த்துக் கற்றது என்று அவள் கேட்கவில்லை. விஜிலாவும் சொல்லவில்லை.

ஜாய் அவளுக்குக் கல்லூரியில் வேலை வாங்கிக் கொடுத்தாள். நோயாளியாக நடிக்கும் வேலை. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் எதிரில் வந்து உட்காருவார்கள். விஜிலா நெஞ்சுவலிக்காரியாகவோ பிள்ளையைப் பறிகொடுத்தவளாகவோ இருக்கவேண்டும். முடிந்ததும், "தம்பி, நீங்க கடியாரத்தப் பாத்திய. எனக்கு அங்கனயே பேச்சு அடைச்சிட்டு" என்று குறை சொல்லவேண்டும். அவள் சொல்வதை வைத்துப் பிள்ளைகளுக்கு மார்க் உண்டு. அந்த வேலை அவளுக்கு நன்றாகப் பிடித்துப்போனது.

ஒருநாள் ஜாய் புதிதாக ஒரு கேஸை நடிப்பவர்களுக்கு விளக்கினாள். "பித்தப்பையை எடுக்கும்போது பக்கத்துல இருக்கிற பெரிய குழாய்ல தவறுதலா க்ளிப் போட்டுட்டாங்க. பித்தம் குடலுக்குப் போக வழியில்ல, ரத்தத்துல ஏறிடும். கண்ணு மஞ்சளாகும், அரிப்பு தாங்காது. கவனிக்காம விட்டா குளிர்காய்ச்சல் வந்து ஆளே போயிருவாங்க. நீங்க அந்த ஆளோட மனைவி."

விஜிலா குறுக்கிட்டாள். "அதுக்குக் கீழாநெல்லி குடுத்தா?"

"குடுத்தாலும் குடுக்காட்டாலும் ஒண்ணுதான் அக்கா. அடைச்ச குழாயை எந்த இலையும் திறக்காது. அந்த ஆள் சாகுறதுக்கும் இலைக்கும் சம்பந்தம் கிடையாது."

வளனுக்கு நடந்ததும் இதுதான் என்று விஜிலாவுக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வரவில்லை. வளன் முகம்கூட முதலில் வரவில்லை, இன்பமணியின் முகம்தான் வந்தது. அடுத்து மெட்டில்டாவின் முகம். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று அந்த நாற்காலியில் இருந்தபடியே முடிவு செய்துவிட்டாள். ஜாயிடம் மூச்சு விடவில்லை.

இரண்டு வருஷம் காத்திருந்தாள். அதற்குள் இன்பமணி பெரிய ஆளாகியிருந்தார். அறுவை சிகிச்சையில் தப்பு நேர்ந்தால் அதைக் குடும்பத்துக்கு எப்படிச் சொல்வது என்று அவர் ஒரு ஆராய்ச்சி நடத்தி, ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். விஜிலா அந்தப் பேச்சையெல்லாம் போனில் தேடிப் பார்த்தாள். எந்த இடத்தில் குரலை இறக்குகிறார், எப்போது நாற்காலியை முன்னால் இழுக்கிறார் என்று அவளுக்கு மனப்பாடம் ஆனது. அவர் கல்லூரிக்கு வருகிறார், மேடையில் ஒரு நோயாளியின் மனைவியோடு பேசிக் காட்டப்போகிறார் என்று ஜாய் சொன்னபோது, "நான் இருக்கேன் டாக்டர்" என்றாள். "சனங்களையும் கூப்பிடணும்னு சொன்னியளே, எங்க தெருப் பொம்பளையளுக்கு ஒரு பஸ் விடுங்க. மாதா சபையில சொன்னா வந்துருவாக." சபைக்குத் தலைவி மெட்டில்டா.

அன்றைக்கு மெட்டில்டா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் விஜிலாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்பமணி விஜிலாவுக்குக் கை கூப்பினார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாது என்று அவளுக்கும் தெரியும். அன்றைக்கு மாடிப்படியில் அவர் அவள் முகத்தையே பார்க்கவில்லையே.

அவர் நன்றாகத்தான் பேசினார். நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணைப் பார்த்து, "ஆபரேஷன்ல எங்க கையால ஒரு தப்பு நடந்துருச்சும்மா. பித்தக்குழாய்ல க்ளிப் விழுந்துருச்சு. அதனாலதான் மஞ்சள் காமாலை வந்து உயிரே போயிருச்சு" என்றார். அவள் அழுது முடிக்கும்வரை பேசாமல் இருந்தார்.

அதுவரை ஜாய் சொல்லிக்கொடுத்தது. அடுத்தது விஜிலாவுடையது.

"நான் அவுகளுக்குக் கீழாநெல்லி குடுத்தேன், டாக்டர். அதால செத்துட்டாகளோ?"

இன்பமணி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அது அவருக்குப் பிடித்திருந்தது. எதிரில் இருந்த கூட்டத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "இல்லவே இல்லம்மா. அந்த இலைக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. உங்களால முடிஞ்சதை நீங்க பாசத்தோட செஞ்சீங்க. தப்பு எங்களோடது. உங்க மேல யாராவது பழி போட்டா, அது பெரிய பாவம்."

எல்லாரும் கை தட்டினார்கள். மெட்டில்டா கை தட்டவில்லை. கைத்தட்டல் அடங்கட்டும் என்று விஜிலா பொறுத்திருந்தாள்.

"அப்ப மூணு வருசத்துக்கு முன்னால, உங்க ஆஸ்பத்திரி மாடிப்படியில வச்சு, நான்தான் கொன்னேன்னு ஏன் சொன்னிய?"

அவர் இன்னும் நடிப்பு என்றே நினைத்தார். "அம்மா, உங்க கோபம் எனக்குப் புரியுது..."

"திரேஸ்புரம் வளன். சங்கு குளிக்கிறவுக. நான் அவுக பொண்டாட்டி விஜிலா. அந்தா முதல் வரிசையில இருக்காகளே, அவுக அக்கா. உங்க பேச்சைக் கேட்டு என்னைக் குழிக்கு மண்ணு போட விடாதவுக."

 இன்பமணியின் கை சட்டைக் காலரில் இருந்த மைக்கைத் தேடியது. அணைப்பதற்குள் "யாரு இவங்களை..." என்று அவர் முனகியது கூடம் முழுக்கக் கேட்டது. பின்வரிசைப் பிள்ளைகள் போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

விஜிலா மேடையிலிருந்து இறங்கினாள். ஜாய் வாசலில் மறித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம்லக்கா. என் வேலைக்கே உலை வச்சிட்டீங்க."

"சொன்னா விட்டிருப்பியளா?"

ஜாய் வழிவிட்டு விலகினாள். அவளை வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டபோது விஜிலாவுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காகச் செய்ததை மாற்றிச் செய்திருப்பாளா என்றால், மாட்டாள்.

மறுநாள் காலையில் மெட்டில்டா கதவைத் தட்டினாள். முகம் வீங்கியிருந்தது. "ஏளா விஜிலா, எனக்கென்னளா தெரியும். படிச்ச டாக்டர் சொன்னாரு, நம்பிட்டேன்."

"அவரு ஒரு தடவதான் சொன்னாரு மைனி. மூணு வருசமாச் சொன்னது நீங்கதான்."

"மாதா மேல சத்தியமா..."

"மாதாவை இழுக்காதிய. வீடு வீடாப் போய் அன்னைக்குச் சொன்னியல்லா, இப்பவும் வீடு வீடாப் போங்க. முடிச்சிட்டு வாங்க, பேசுவோம்." மெட்டில்டா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்வீட்டுப் படியேறுவதை விஜிலா ஜன்னல் வழியே பார்த்தாள். ஒரு வீட்டையும் அவள் தப்பவிடவில்லை.

விஜிலா மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பினாள். விசாரணைக்கு அழைப்பு வந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்பமணியே வந்தார். காரைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார். உள்ளே வரலாமா என்று கேட்டார். விஜிலா வாசலிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு, எதிரே படியில் உட்கார்ந்தாள். பூசை முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம்.

அவர் ஸ்டூலை முன்னால் இழுத்தார், குரலை இறக்கினார். "உங்களுக்கு நடந்ததுக்கு நான் ரொம்ப வருந்துறேன்மா."

"நடந்ததுக்குன்னு சொன்னா பிள்ளையளுக்கு நாங்க மார்க்கு குறைப்போம், டாக்டர். யாரு செஞ்சதுன்னு சொல்லணும்."

"நான் செஞ்சேன்."

"என்னத்தச் செஞ்சிய? உரக்கச் சொல்லுங்க, இங்கன சத்தம் ஜாஸ்தி."

"தப்பான குழாய்ல க்ளிப் போட்டேன்."

"அது எப்பத் தெரிஞ்சுது?"

அவர் தெருவைப் பார்த்தார். ஆட்கள் நின்றுவிட்டார்கள். "முதல் ஸ்கேன்லயே தெரிஞ்சுது" என்றார்.

விஜிலாவுக்கு இது புதுச் செய்தி. அவருக்குத் தெரியாமல் போயிருக்கும், பிறகுதான் பயந்து மறைத்திருப்பார் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சரியாயிரும் என்று அனுப்பிவைத்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அன்றைக்கே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் வளன் பிழைத்திருப்பான்.  இரக்கம் என்று ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அது அத்தோடு போயிற்று.

"புகாரை வாபஸ் வாங்கிக்கிட்டீங்கன்னா..." என்று அவர் ஆரம்பித்தார்.

"இன்னொரு தரம் சொல்லுங்க, முதல்ல இருந்து. கண்ணைப் பாத்துச் சொல்லணும்."

அவர் சொன்னார். அவள் நிறுத்தினாள், திருத்தினாள், மறுபடி சொல்லவைத்தாள். தெருவே கேட்டது. மெட்டில்டா கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டாள். ஜெஸ்லின் அம்மாவின் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அவர் சட்டை வியர்வையில் ஒட்டிப்போன பிறகுதான் விஜிலா எழுந்தாள்.

"இதையே கவுன்சில்லயும் சொல்லுங்க. இப்ப நல்லாப் பழகிட்டிய."

கவுன்சிலில் அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் தெருவில் கேட்டவர்களில் ஆறு பேர் சாட்சி சொல்லப் போனார்கள். இரண்டு வருஷம் அவர் கத்தியைத் தொடக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. பங்குச்சாமியார், "போதும் விஜிலா, மன்னிச்சு விட்டுரு" என்றார்.

"ரெண்டு வருசந்தானே சாமி" என்றாள் விஜிலா. "அவரு திரும்பி வரட்டும். எந்த ஊர்ல போர்டு மாட்டினாலும், முதல் நாள் முதல் ஆளா நான்தான் போய் எதிர்ல உட்காருவேன்."