தட்டு காலியாகும் வரை

அப்பாவுக்காக எடுத்திருந்த வாடகைக் கட்டிலைத் திரும்ப எடுத்துப்போக வந்த ஆட்கள் அதன் கால்களை மடக்கிக்கொண்டிருந்தபோதுதான் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“ஆபரேஷன்ல முழுசா எடுத்துட்டாங்கன்னுதானே சொன்னே? எடுத்தது எப்படிடி திரும்ப வந்துச்சு?”

அப்பாவைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு எல்லோரும் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். நாளைக்கு வந்திருந்தால் குடியா முழுகியிருக்கும் என்று கட்டில்காரர்கள் மேல் மகளுக்கு வந்த எரிச்சல் அத்தை மேல் பாய்ந்தது.

“எடுக்கவே இல்ல அத்தை.”

அத்தை திறந்த வாய் மூடாமல் நின்றாள். கட்டில்காரர்கள்கூடக் கொஞ்சம் கையை நிறுத்தினார்கள்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள். “ஸ்கேன்ல கட்டி கணையத்தோட நிக்குதுன்னுதான் தெரிஞ்சுது. ரெண்டாவது கட்டம், வெட்டி எடுத்துடலாம்னாங்க. பக்கத்துல ஓடுற பெரிய ரத்தக்குழாயை வளைச்சுப் பிடிச்சிருந்தா மூணாவதாம். தள்ளி இருக்கிற உறுப்புக்குப் போயிட்டா நாலாவது, அதுக்கு மேல கத்தி வச்சுப் பிரயோஜனம் இல்லையாம். வயித்தைத் திறக்கிறதுக்கு முன்னாடி சின்னதா ஓட்டை போட்டு கேமராவை விட்டுப் பாத்திருக்காங்க. கல்லீரல் மேல பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளி. ஸ்கேன்ல சிக்காத அளவுக்குப் பொடி. அப்படியே மூடிட்டாங்க.”

“அப்ப அவன் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டினானே?”

காட்டினார்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். ஹாரனைத் தொடவே மாட்டார் என்பதால் பிள்ளைகள் அவருக்கு ‘ஹாரன் மாமா’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், “மூணே மூணு பிளாஸ்திரி. வேன்ல டயர் மாத்தினாக்கூட இதைவிட அதிகமா காயம் படும்” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். மகளும் கூடவே சிரித்தாள். மருந்து ஏற்ற வேண்டும் என்றதும், மிச்சம்மீதி இருந்தால் துடைப்பதற்கு என்று அவளே ஒரு கதை கட்டினாள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க, இந்த எழுத்து தெரிகிறதா, அந்த எழுத்து தெரிகிறதா என்று முன்பின் தெரியாதவர்களைக் கேட்பது அவள் பிழைப்பு. பெற்ற அப்பாவிடம் ஒரு வாக்கியம் சொல்ல நாக்கு எழவில்லை.

சொல்லக்கூடாது என்று அவள் நினைக்கவில்லை. அந்த வீட்டில் கெட்ட சேதிக்கு ஒரு சட்டம் இருந்தது. கேட்கவேண்டியவர் தட்டைக் காலி செய்து கைகழுவிய பிறகுதான் வாய் திறக்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவரும் அப்பாதான். வெறும் வயிற்றில் கெட்டது கேட்டால் ஸ்டியரிங் ஆடும் என்பார். அவள் பரீட்சையில் கோட்டைவிட்டதும், சித்தப்பா போய்ச் சேர்ந்ததும் அப்படித்தான் சொல்லப்பட்டன. சாப்பிடும்போது எதிரில் யாராவது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தால், ஏதோ சேதி காத்திருக்கிறது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் இந்த நோய் முதலில் தின்றது அவர் பசியைத்தான். சொல்லவேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு ஒவ்வொரு நாளும் எதிரில் உட்காருவாள். அவர் ரெண்டு வாய் மிச்சம் வைத்துத் தட்டைத் தள்ளிவிடுவார். “போதும்மா, இறங்கல.” சரி, நாளைக்குச் சொல்லலாம் என்று எழுந்துவிடுவாள். தப்பித்தோம் என்று ஒரு நிம்மதியும் வரும். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. நேற்றுக் காலை அவர் மூச்சு நின்றபோதும் அந்த வாக்கியம் அவள் தொண்டையில்தான் இருந்தது.

“தெரிஞ்சிருந்தா யாரையெல்லாம் பாக்கணும்னு ஆசைப்பட்டிருப்பான்” என்று அழுதாள் அத்தை. “எங்கூடப் பிறந்தவனை ஏமாத்தி அனுப்பிட்டியேடி.”

அத்தை சொன்னது ஒன்றும் பொய்யில்லையே.

“சாப்பிட வா” என்று அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பிய சாப்பாடு. அம்மா அவளுக்கு மட்டும் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். இத்தனைக்கும் நடுவில் பசித்தது. அவமானமாக இருந்தாலும் கபகபவென்று சாப்பிட்டாள். பாதியில் நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா?”

“சாப்பிடு.”

“என்னன்னு சொல்லு.”

“முதல்ல முடி.”

ரெண்டு வாய் மிச்சம் இருக்கும்போது கை நின்றுவிட்டது. அம்மா அசையவில்லை. வேறு வழியில்லாமல் அதையும் விழுங்கிக் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அவருக்குத் தெரியும்” என்றாள் அம்மா. “முதல் தடவை மருந்து ஏத்தப் போனோமே, அன்னிக்கே டாக்டரைத் தனியாப் பிடிச்சு எல்லாத்தையும் கேட்டுட்டார். எத்தனாவது கட்டம், எத்தனை மாசம், உங்கிட்ட சொல்லியிருக்காங்கங்கிறது, எல்லாம். அதுக்கப்புறம்தான் உன் முன்னாடி அந்தப் பிளாஸ்திரிக் கதையை இன்னும் ஜாஸ்தியா அளந்தார்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“தட்டு காலியானா புள்ள வாயைத் தொறந்துடும், அப்புறம் என்னைப் பாத்து ஒரு நாள்கூடச் சிரிக்காதுன்னார். ரெண்டு வாய் மிச்சம் வச்சுட்டாத் தீந்துதுன்னார்.”

கூடத்தில் அத்தையின் அழுகை ஓய்ந்திருந்தது. மகள் தன் காலித் தட்டைப் பார்த்தாள்.

“அப்போ…” என்று ஆரம்பித்தாள். “அந்த ரெண்டு வாய்… அவருக்குப் பசிச்சுதாம்மா?”

அம்மா அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தாள். கழுவி முடித்த பிறகும் குழாயை மூடவில்லை.