பெருகும் ரத்தம்

வருஷத் திவசத்துக்காக எல்லோரும் கடற்கரைக்குக் கிளம்பி வாசலில் நின்ற பின்னும் பிச்சம்மாள் அடுப்படியை விட்டு எழவில்லை.

"உசுரோட இருக்கவியளுக்கு யாராவது திவசம் கொடுப்பாவளா?" என்றாள் நாத்தனார் வடிவிடம்.

பிச்சம்மாளின் கணவன் சிவனணைந்தபெருமாள் புதுத் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதியவன். போன வருஷம் ரத்தப் புற்றில் இறந்துபோனான். பம்பாயில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் தங்கை வடிவு, அதற்கு முன்பே அவனிடம் கேட்டு ஆய்வுக்காக ரத்தம் எடுத்துப் போயிருந்தாள். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களுக்குள் ஒருவகை வைரஸைப் புகுத்திவிட்டால் அவை சாகாமல் பிரிந்துகொண்டே இருக்கும். ஆய்வுக்கூடத்துக் குப்பியில் அண்ணனுடையவை இன்னும் பிரிகின்றன. மதினிக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று அதை அவளிடம் சொன்னவளும் வடிவுதான்.

"அதுக்கு என்ன சாப்பாடு போடுத?"

"கன்னுக்குட்டி ரத்தத்துல எடுத்த தெளிஞ்ச நீரு, மதினி."

"முருகா! அவிய முட்டை வெந்த சட்டியில தண்ணி குடிக்க மாட்டாவ. இப்ப கன்னுக்குட்டியா?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் மாமனார் செருமினார்.

"ஏளா வடிவு, அது அவியதானா? அத மட்டும் சொல்லு."

மைக்ரோஸ்கோப்பில் வடிவு அண்ணனின் குரோமோசோம்களை மாதாமாதம் எண்ணியிருக்கிறாள். நாற்பத்தாறு. ஒவ்வொரு முறையும் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, ஆள் இருப்பதைத் தெரிந்துகொண்டது போலிருக்கும். போன மாதம் சில அணுக்களில் ஒன்று கூடியிருந்தது. நாளானால் அப்படித்தான் என்றார் மேலதிகாரி. தான் எண்ணியது தவறாக இருக்க வேண்டுமென்று விரும்பி, திரும்பத் திரும்ப எண்ணினாள்.

உண்மையைச் சொன்னால் மதினி எழுந்து கடற்கரைக்கு வந்துவிடுவாள்.

"மாற ஆரம்பிச்சிட்டு மதினி. சிலதுல ஒண்ணு கூடிருக்கு. அண்ணன்கிட்ட அது கெடையாது."

"மாறுனா அவிய இல்லேங்கியா? இருந்திருந்தா நரைச்சிருக்க மாட்டாவளா? என்னையப் பாரு. நான் அதே பிச்சம்மாளா?"

பிச்சம்மாள் அடுப்புத் தணலைக் கிளறிவிட்டாள்.

"அங்கன நீ வளத்துக்கிட்டு இருப்ப. இங்கன எள்ளும் தண்ணியும் எறைக்கணுமாக்கும். அதக் கொட்டிருதேன்னு சொல்லுளா. இப்பவே எந்திரிக்கேன்."

ஒரு வார்த்தைதான். வடிவுக்கு வாய் வரவில்லை.

பிச்சம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒன்னாலயும் முடியலல்லா," என்று சொல்லிச் சேலையை உதறி எழுந்தாள்.

கடலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் இறந்தவனின் தம்பி செந்தில்வேல் நின்றான். ஐயர் சொல்லச் சொல்லக் கையைச் சாய்த்தான். தண்ணீர் வழிந்துவிட்டது, எள் ஈர உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை ஜலம் அள்ளி விடுங்கோ," என்றார் ஐயர்.

அவன் குனியவில்லை. கையை அப்படியே நீட்டியபடி, கரையில் நின்ற மதினியைத் திரும்பிப் பார்த்தான்.