யார் தூங்கிச் சேர்த்த பாயிண்ட்?

வாருங்கள் கண்களா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். கால் நீட்ட வேண்டுமென்றால் தாராளமாக நீட்டிக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கையில் இருக்கிற போனை மட்டும் கவிழ்த்து வையுங்கள், கொஞ்ச நேரம் தனியாக இருந்தால் அது ஒன்றும் அழாது. ஒரு பெண்ணின் கதை சொல்லப்போகிறேன். ஊர் ஊராகப் போய்த் தூங்கியவள் அவள். தூங்கிய பெருமையெல்லாம் வேறொருவர் பெயரில் போய் விழுந்தது. அதை அவள் எப்படிக் கேட்டாள் என்பதுதான் கதை.

அவளுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. ஆஸ்பத்திரியோ துணிக்கடையோ அடுக்குமாடிக் குடியிருப்போ, எங்கே லிஃப்ட் நடுவழியில் நின்று முரண்டு பிடித்தாலும் கம்பெனி அவளைத்தான் அனுப்பும். இடுப்பில் ஸ்பானர் பை, தலையில் மஞ்சள் தொப்பி, முழங்கை வரைக்கும் கிரீஸ். அக்கம்பக்கத்தில் அவளுக்கு லிஃப்டக்கா என்று பெயர். நாமும் அப்படியே கூப்பிடுவோம். வாரத்தில் பாதி நாள் அவளுக்கு வெளியூர், ஹோட்டல் படுக்கை.

அவள் கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. நல்ல மனிதர், ஒரு குறை சொல்ல முடியாது. ஒன்றே ஒன்று, சொந்தத் தலையணை இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. தன் கல்யாணத்துக்கே தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்த மாப்பிள்ளை அவர். வெளியூர் என்றாலே முகம் சுருங்கிப்போகும்.

லிஃப்டக்கா வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு மதியம், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தாள். அன்றைக்குத் தங்க ஓர் அறை எடுக்க வேண்டும். கையெல்லாம் கிரீஸ், போனைத் தொட வழியில்லை. கூட வேலை செய்த பையனை விட்டுக் கணவருக்கு போன் போடச் சொன்னாள். அவர் கடையில் உட்கார்ந்தபடியே தன் போனில் தட்டி அறை எடுத்தார். 'எங்கள் ஹோட்டலில் உறுப்பினர் ஆகிறீர்களா, இலவசம்' என்று கேட்டது போன். இலவசம் என்றால் மனிதர் விடுவாரா, ஆகிவிட்டார்.

அன்றைக்குப் பிடித்தது இந்தக் கூத்து. அந்த ஹோட்டல்காரர்களுக்கு எல்லா ஊரிலும் கிளை உண்டு. கம்பெனியும் ஒவ்வொரு முறையும் அதே உறுப்பினர் எண்ணிலேயே அறை போட்டது. பதிவு ஐயா பெயரில், சாவி அக்கா கையில். தங்குகிற ஒவ்வொரு ராத்திரிக்கும் ஹோட்டல்காரர்கள் தருகிற பாயிண்டும் ஐயா கணக்கில்தான் ஏறும். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று அவளும் நினைப்பாள். அதற்குள் எங்காவது ஒரு லிஃப்ட் நின்று தொலைக்கும்.

வரவேற்பு மேசையில் இருக்கிறவர்களும் கேட்பார்கள். "சார் வரலீங்களா மேடம்?"

"பின்னால வர்றார்."

"போன தடவையும் பின்னாலதானே வந்தார்?"

"அவர் கொஞ்சம் மெதுவா வர்ற ஆளு."

இப்படியே வருஷங்கள் போயின. வீட்டுக் கட்டிலை விட்டு நகராத மனிதர் அந்த ஹோட்டலின் 'கோல்டு' விருந்தாளி ஆகிவிட்டார். 'உங்கள் ஓயாத பயணங்களுக்கு எங்கள் வணக்கம்' என்று ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். கண்ணாடி வாங்க வருகிறவர்கள் "ஐயா நிறைய ஊர் சுத்துவீங்களோ?" என்று கேட்டால், ஒரு புன்னகை, அவ்வளவுதான். மறுத்ததும் இல்லை, ஒத்துக்கொண்டதும் இல்லை.

லிஃப்டக்காவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிரிப்பு நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில்.

கம்பெனி புதுச் சட்டம் போட்டிருந்தது. இனிமேல் அவரவர் கிரெடிட் கார்டில் ஹோட்டலுக்குக் கட்டிக்கொள்ள வேண்டும், கம்பெனி பிறகு திருப்பித் தரும். ஆக, ஒரு கார்டு வேண்டும். அவள் கொழுந்தன் பாங்கில் கார்டு விற்கிறவன். கேட்க வேண்டுமா? இரண்டு விளம்பரத் தாள்களைத் தட்டுகளுக்கு நடுவில் விரித்துவிட்டான். ஒன்று தங்க நிறம், தொட்டால் வழுக்கும். மற்றது வெளிறிய பச்சை.

"அண்ணி, பச்சையை விட்டுடுங்க. அது ஊருக்கு ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கற சின்ன ஹோட்டல்காரங்களோட கார்டு. சும்மா எண்ணிக்கைக்கு வச்சிருக்கேன். இதைப் பாருங்க, நீங்க எப்பவும் தங்கற ஹோட்டலோடது. வருஷக் கட்டணம் கொஞ்சம் கூடதான். ஆனா மரியாதை! பெரிய ரூமா மாத்தித் தருவாங்க, மேல் மாடியில."

"மேல் மாடியா?" லிஃப்டக்கா தலையை ஆட்டினாள். "வேண்டாம்டா சாமி. மேல் மாடிக்கு மேலதான் லிஃப்ட் மோட்டார் ரூம். பிரேக் தேஞ்சிருந்தா படுத்துக்கிட்டே எனக்குக் கேக்கும். எழுந்து போய்ச் சரி பண்ணிட்டுதான் தூங்குவேன். அதுக்கு யாரு சம்பளம் தருவா?"

மாமியார் சிரித்துவிட்டார். கொழுந்தன் விடவில்லை.

"காலை டிபன் இலவசம் அண்ணி."

"எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்?"

"ஏழு."

"ஏழு மணிக்கு நான் லிஃப்ட் குழிக்குள்ள இருப்பேன். இத்தனை வருஷத்துல அந்த டிபன் உப்பா புளிப்பான்னு எனக்குத் தெரியாது. பச்சைக்காரங்க?"

"அவங்க விடிகாலைலயே பொட்டலமா கட்டிக் குடுத்துடுவாங்க," என்றான் அசட்டையாக.

"ம். அப்புறம்?"

"மதியம் வரைக்கும் ரூமை வச்சுக்கலாம், அவசரமா காலி பண்ண வேண்டாம்."

"நான் எங்க தம்பி மதியம் வரைக்கும் ரூம்ல இருக்கேன்? சரி, வருஷத்துக்கு ஒரு ராத்திரி இலவசம்னு போட்டிருக்கே, எப்ப வேணா எடுக்கலாமா?"

"விடுமுறை நாள்ல மட்டும் எடுக்க முடியாது."

"பச்சையில?"

"எப்ப வேணா எடுக்கலாம். ஆனா அண்ணி, அது சாதாரண ஹோட்டல்! சோப்புகூட சின்னது."

"எனக்கு கிரீஸ் போகணும். அதுக்கு எந்தச் சோப்பும் பத்தாது, சின்னதோ பெரிசோ."

அப்போதுதான் கொழுந்தன் உண்மையான விஷயத்தை அவிழ்த்தான். தங்கக் கார்டை அண்ணன் பெயரில் வாங்கிவிடலாம், அண்ணிக்கு அதிலேயே ஒரு துணைக் கார்டு. அண்ணி போகிற ஊரெல்லாம் அண்ணன் கணக்கில் ஏறும். ஏற்கெனவே சேர்ந்திருக்கிற பாயிண்டுகளோடு இதுவும் சேர்ந்தால், கடற்கரையில் இருக்கிற அவர்களுடைய பெரிய ஹோட்டலுக்கு வீட்டோடு போகலாம். அண்ணன், அம்மா, அவன், அவன் மனைவி, பிள்ளைகள். நாள்கூடப் பார்த்துவிட்டான்.

"அந்த வாரம் எனக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட் சர்வீஸாச்சே," என்றாள் அவள்.

"அதனால என்ன அண்ணி, உங்க பங்கையும் சேர்த்து நாங்க சாப்பிட்டுட்டு வர்றோம்!"

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தண்ணீர் தம்ளரைக் கையில் எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தாள்.

"தூங்கினது யாரு?" என்று கேட்டாள்.

"என்னம்மா?" என்றார் கணவர்.

"அந்த ஊர்லெல்லாம் போய்த் தூங்கினது யாரு? மூட்டைப்பூச்சி கடிச்சது யாரை? ஜன்னல் சாத்தாத ரூம்ல குளிர்ல சுருண்டு கிடந்தது யாரு? அந்த ராத்திரியெல்லாம் என்னுது. இனிமே கார்டு என் பேருல வரும். பச்சைக் கார்டு. சேர்ந்து கிடக்கற பாயிண்டுல கடற்கரைக்கு நான் போறேன், தனியா. எனக்கு அடுத்த வாரம் லீவு."

கணவருக்கு முகம் வாடிவிட்டது. "நம்ம ரெண்டு பேர்ல யார் பேருல இருந்தா என்னம்மா?"

"ஒண்ணும் இல்லையே. அப்ப என் பேருல இருக்கட்டும்."

அவர் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தார். கொழுந்தன்தான் குறுக்கே விழுந்தான். "அண்ணி, உங்க பேருல வாங்கினா சைபர்லேருந்து ஆரம்பிக்கணும். கோல்டு கிடையாது, ஒண்ணும் கிடையாது. பழைய பாயிண்டையும் அண்ணன் நேர்ல வந்தாதான் எடுக்க முடியும். நீங்க போய் நின்னா ரூம் தர மாட்டாங்க."

"நின்னு பாக்கறேன்," என்றாள் லிஃப்டக்கா.

நின்றாள், தங்கங்களா! பச்சைக் கார்டு கைக்கு வந்ததும், லீவு நாளில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரை ஹோட்டலின் பளிங்குத் தரையில் போய் நின்றாள். கணவர்தான் அரைமனதோடு போனில் அறை எடுத்துக் கொடுத்திருந்தார். வரவேற்பு மேசைக்குப் பின்னால் டை கட்டிய மேலாளர். திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சார் வரலையா மேடம்?"

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டாள். "வரல. வர மாட்டார். நான்தான் தங்கப்போறேன்."

"மன்னிக்கணும் மேடம். பாயிண்ட்ல எடுத்த ரூமுக்கு உறுப்பினர் நேர்ல வரணும். அது விதி."

"அந்த பாயிண்ட் எல்லாம் நான் தூங்கிச் சேர்த்தது சார். பேருதான் அவரோடது."

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். கெட்டவர் இல்லை அவர், உதவத்தான் நினைத்தார். "அப்படி வெளிய சொல்லாதீங்க மேடம். ஒரு வழி இருக்கு. சாருக்கு போன் போடுங்க. 'என் மனைவிக்கு இதை அன்பளிப்பா குடுக்கறேன்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், சாவி குடுத்துடறேன். கடல் பாத்த ரூம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல் அலை அலையாக வந்து போனது. கை நீட்டினால் சாவி. அவள் போன் போட்டாள். அன்றைக்கும் ஞாயிறு, வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

கணவர் விஷயத்தைக் கேட்டதும் துள்ளினார். "அவ்வளவுதானே! குடுத்துட்டேன்னு சொல்லுங்க சார். சந்தோஷமா குடுக்கறேன்."

"குடுக்காதீங்க," என்றாள் அவள்.

மேலாளரின் கை சாவி மேலேயே நின்றுவிட்டது.

"என்னம்மா சொல்றே?"

"நான் தூங்கின தூக்கத்தை எனக்கே நீங்க அன்பளிப்பா குடுப்பீங்களா? நான் கையை நீட்டி வாங்கிக்கணுமா? நடந்ததைச் சொல்லுங்க. இவங்க ஹோட்டல்ல நீங்க ஒரு நாளாவது படுத்திருக்கீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

மறுமுனையில் கொழுந்தன் பதறுவது கேட்டது. "அண்ணா, சொல்லாதே! சொன்னா எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க! கோல்டு போயிடும், கடற்கரை போயிடும்!"

மேலாளரும் கையால் வேண்டாம், வேண்டாம் என்று சைகை செய்தார். அவளுக்கும் தெரியும், போனால் எல்லாம் போகும். இத்தனை வருஷத்து இரவுகளும் போகும். ஆனாலும் போனை மேசைமேல் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். நின்றுபோன லிஃப்டுக்குள் கத்துகிற ஜனங்களையே சமாளித்தவள் அவள், இதெல்லாம் அவளுக்கு எம்மாத்திரம்?

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம்.

"சார்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "நான் உங்க ஹோட்டல்ல ஒரு நாளும் படுத்ததில்ல. எந்த ஹோட்டல்லயும் படுத்ததில்ல. எனக்கு வேற தலகாணில தூக்கம் வராது. எல்லா ஊருக்கும் போனது அவதான், தூங்கினதும் அவதான். நான் பேரை மட்டும் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். தப்புதான்."

லிஃப்டக்கா கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

மேலாளர் பெருமூச்சு விட்டார். "விதிப்படி இந்தக் கணக்கை மூடணும் மேடம். பாயிண்ட் உங்க பேருக்கும் மாறாது."

"மூடுங்க."

"அண்ணீ!" போனில் கொழுந்தன் அலறினான். "எல்லாம் போச்சே! எத்தனை ராத்திரி அண்ணி!"

அதற்கு அவள் பதில் சொல்வதற்குள் மாமியாரின் குரல் முந்திக்கொண்டது. "ஏன்டா கத்தறே? உன் ராத்திரியா போச்சு? அவ்வளவு ஆசையா இருந்தா, பையை எடுத்துக்கிட்டு நீயும் ஊர் ஊரா போய்த் தூங்கிட்டு வா. மூட்டைப்பூச்சிக்குப் புது ரத்தம் கிடைச்ச மாதிரி இருக்கும்." பிறகு, போனுக்கு நெருக்கமாக வந்து, "ஏம்மா, அங்க கடல் தெரியுதா?"

"தெரியுது அத்தை."

"அடுத்த லீவுக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. இவனுங்களை விட்டுட்டுப் போவோம்."

"சரி அத்தை."

போனைப் பையில் போட்டுவிட்டு, பச்சைக் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். எந்த ஹோட்டலின் கார்டானால் என்ன, எங்கே தேய்த்தாலும் செல்லும்.

"ஒரு ரூம் குடுங்க சார், காசுக்குத்தான். கீழ் மாடியில இருந்தாப் போதும்."

"எங்க கார்டு இல்லன்னா சலுகை எதுவும் கிடைக்காதுங்க மேடம்."

"நான் கேட்டேனா?"

மேலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. விசைப்பலகையில் விரலை வைத்தார். "யார் பேருல போடட்டும்?"

அவள் தன் பெயரைச் சொன்னாள். அவர் எழுதுவதைத் திரையில் எட்டிப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தும் சரியாக விழுந்திருக்கிறதா என்று நின்று நிதானமாகப் பார்த்தாள். பின்னால் நின்றவர்களுக்கு அவசரம், அவளுக்கு இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு நடந்தாள், யாரையும் பார்த்துத் தலை குனியாமல்.

என் கண்களா, உங்கள் வீட்டில் உழைப்பு யாருடையதோ அது அவர்கள் பெயரிலேயே விளங்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்கள் போகிற ஊரிலெல்லாம் கதவு உறுதியாகத் தாழ் விழட்டும், பாய் சுத்தமாக இருக்கட்டும். உண்மையைச் சொல்ல உங்கள் வீட்டு ஆண்களுக்கு நாக்கு எழட்டும், அதைக் கேட்டு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிரித்து மகிழட்டும். எல்லோரும் நிம்மதியாகத் தூங்கி, நல்லபடியாக எழுந்து, நூறாண்டு நன்றாக இருங்கள்.