கிராம்பு வாசம்

1

இந்தக் கதை பல் மருத்துவமனையில் எனக்கு ஓசியில் கிடைத்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டுப் பஞ்சைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பேசக் கூடாது என்று சொல்லிவிட்டதால் காதுக்குத்தான் வேலை. உள்ளறைக் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"டாக்டர், சிகரெட் பிடிச்சா இப்படி ஆகுமா?"

"ஆகும்மா. பல் எடுத்த குழியில ரத்தம் உறைஞ்சு மூடணும். புகையை இழுத்தா அது பிச்சிக்கிட்டு வந்துடும். குழி காஞ்சுபோயி வலி காது வரைக்கும் ஏறும்."

கதவிடுக்கில் பார்த்தேன், நாற்காலியில் ஒரு ஆண் வாயைத் திறந்தபடி இருந்தார். அதற்கு மேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு. முழுக்க நம்பிவிடாதீர்கள்.

2

முதல் வரி: 'கணவர் பொய் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்ட அன்று

[அடித்துவிட்டேன். தெரிந்துவிட்டால் அப்புறம் கதை எதற்கு?]

இன்னொன்று: 'சந்தேகம் அவளுக்குப் பிறவிக் குணம்.' [இது அந்தக் கணவர் சொல்லுகிற பேச்சு. நான் எப்போது அவர் பக்கம் போனேன்?]

சரி, இது இருக்கட்டும். அவள் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் பிசிறு பார்ப்பவள். ஒழுங்கான தையலை அவள் கண் தாண்டிப் போய்விடும், விட்டுப்போன நூலில் போய் நிற்கும். வீட்டுக்காரர் வண்ணமீன் கடை வைத்திருக்கிறார். சிகரெட் நாற்றத்தை மறைக்க அவர் கிராம்பு மெல்லுவார். அந்த வாசத்தை வைத்தே அவள் அவரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். போன தடவை பிடித்தபோது மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மகள் தலையில் அடித்து அவர் சத்தியம் செய்த பிறகுதான் வந்தாள். அடுத்த தடவை போனால் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்கிறவள்.

3

பல்லைப் பிடுங்கியதிலிருந்து அவரை அவள்தான் கவனித்தாள். பஞ்சை மாற்றினாள். துப்பவே விடவில்லை. சாப்பாட்டை மசித்து, ஆறவைத்துக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் வைத்தாள். இவ்வளவு பார்த்தும் குழி காய்ந்துபோனால் அவள் வேறென்ன நினைப்பாள்? மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. சிகரெட்டைத் தொட்டீங்களா?"

"சத்தியமா இல்ல. கடை, வீடு, இதைத் தவிர எங்கயும் போகல."

"கடையிலதான் கேக்கறேன்."

"மீனைக் கேளு."

[இங்கே அவர் சிரிக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். சிரித்துவிட்டார். எனக்கும் அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது.]

4

அடுத்த நாள் அவள் துணிமணியைப் பையில் அடைத்துக் கதவோரம் வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போனாள். தொட்டிகளுக்குப் பின்னால் அவர் குனிந்திருந்தார். வாயில் எதையோ வைத்துக் கன்னம் ஒட்ட இழுத்துக்கொண்டிருந்தார்.

"மாட்டிக்கிட்டீங்களா?"

திடுக்கிட்டு நிமிர்ந்தவர் வாயிலிருந்து விழுந்தது பிளாஸ்டிக் குழாய். அழுக்குத் தண்ணீர் அவள் செருப்பில் கொட்டியது. தொட்டித் தண்ணீரை வெளியேற்ற அவர் தினமும் இப்படித்தான் வாயால் இழுத்துவிடுவார்.

"ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாதுன்னு டாக்டர் தலைபாடா அடிச்சிக்கிட்டாரே!"

"அது ஜூஸுக்குச் சொன்னது. நான் என்ன இதைக் குடிக்கவா செஞ்சேன்?"

"புண்ணு வாயில மீன் தண்ணி! மனுஷனா நீங்க?"

திட்டிக்கொண்டே அழுதுவிட்டாள். ராத்திரி முழுக்க இதற்கா பயந்தோம் என்று இருந்தது.

5

முடிவு ஒன்று: வீட்டுக்குப் போய்ப் பையைப் பிரித்தாள். [எனக்கு ஆசைதான். அவள் பிரிக்கமாட்டேன் என்கிறாள்.]

முடிவு இரண்டு: தொட்டிக்கடியில் ஒரு சிகரெட் துண்டு கிடந்த [சே! இதை நானேதான் கொண்டுபோய்ப் போட்டேன். எடுத்துவிட்டேன்.]

குழி ஏன் காய்ந்தது என்பதற்குக் குழாய் பதில் சொல்லிவிட்டது. அவர் சிகரெட்டைத் தொடவில்லை என்று அது சொல்லவில்லையே. அழும்போது அவள் அவர் தோளில் சாய்ந்தாள், குப்பென்று கிராம்பு வாசம்.* இத்தனை வருடம் அவளுக்குச் சாட்சி சொன்ன வாசம் டாக்டர் கட்சிக்குத் தாவிவிட்டது.

*காய்ந்த குழிக்குள் கிராம்பு எண்ணெய் தோய்த்த மருந்துத் துணியை வைத்து அனுப்புவது உண்டு. இவருக்கும் வைத்திருந்தார்கள். இது நான் இட்டுக்கட்டியது இல்லை.

6

சில நாள் கழித்து டாக்டர் துணியை எடுத்துவிட்டார். குழி ஆறுகிறது, உப்புத் தண்ணீரை விடாதீர்கள் என்றார். இனி கிராம்பு வாசம் வந்தால் அது டாக்டர் வைத்ததில்லை, அவர் மென்றது.

அந்த வாரக் கடைசியில், சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்தார். பை இன்னும் கதவோரத்தில் இருந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

"வாயைத் திறங்க."

அவளுக்கு நம்பத்தான் ஆசை. அவர் வாயைத் திறந்தார்.

எனக்கும் அவர் நல்லவராக இருக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. அதனால் நான் முகர்ந்து சொல்வது செல்லாது. நீங்கள் வாருங்கள். பையில் கால் தடுக்காமல் பார்த்து, அவள் பக்கத்தில் நின்று, கொஞ்சம் குனியுங்கள்.